தாக்குதலா, வெறும் நெரிசலா?

கேள்வி: லினக்ஸ் சர்வரின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) லாகில் ‘443-ஆம் போர்ட்டில் சின் ஃப்ளடிங் இருக்கலாம், குக்கீ அனுப்புகிறேன்’ என்று ஒருமுறை வந்தது. பிறகு வரவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். சின் ஃப்ளடிங் என்பது, இணைப்பைத் தொடங்கக் கேட்கும் ‘சின்’ கோரிக்கைகளைக் கொட்டிக் காத்திருப்பு வரிசையை நிரப்புவது. குக்கீ என்பது, வரிசையில் இடம் ஒதுக்காமலே அவற்றுக்குப் பதில் அனுப்பும் தற்காப்பு. ஒரு லிசனிங் சாக்கெட்டுக்கு (இணைப்புகளை எதிர்பார்த்துத் திறந்திருக்கும் முனை) அந்த வரி ஒருமுறைதான் எழுதப்படும். ‘என்ஸ்டாட்’ (nstat) கட்டளை காட்டும் ‘லிசன் ஓவர்ஃப்ளோஸ்’ (ListenOverflows, வரிசை நிரம்பி வழிந்த தடவைகள்) எண் ஏறுகிறதா என்று பாருங்கள்.

வரிசை நிரம்பியது மட்டுமே கெர்னலுக்குத் தெரியும். நிரப்பியது எதிரியா, வாடிக்கையாளரா என்பது தெரியாது. கூட்ட நேரத்தில் ‘எஸ்எஸ் -எல்டிஎன்’ (ss -ltn) கட்டளை கொடுங்கள். ‘ரிசீவ்-கியூ’ (இப்போது வரிசையில் நிற்பவை) எண் ‘சென்ட்-கியூ’வை (வரிசையின் கொள்ளளவு) எட்டியிருந்தால், முழுமையான இணைப்புகளை உங்கள் செயலி உடனுக்குடன் எடுக்கவில்லை, அது மந்தம், அல்லது வரிசை சிறியது. இந்த வரிசைக்குக் கெர்னல் வைக்கும் ‘சோமேக்ஸ்கான்’ (somaxconn) உச்சவரம்பு இயல்பாக 5.4-க்கு முந்தைய கெர்னல்களில் 128, அதிலிருந்து 4096. அதை மட்டும் உயர்த்திப் பயனில்லை. லினக்ஸில் என்ஜின்எக்ஸ் (nginx) வெப் சர்வர் தானாகக் கேட்கும் வரிசை அளவு 511. அதன் அமைப்புக் கோப்பின் ‘லிசன்’ வரியில் ‘பேக்லாக்’ (வரிசை நீளம்) அளவையும் கூட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ரிசீவ்-கியூ காலியாக இருந்தும் ‘சின்-ரிசீவ்’ (கோரிக்கை வந்து, இணைப்பு இன்னும் முழுமையாகாத) நிலையில் எக்கச்சக்க இணைப்புகள் தொங்கினால் தாக்குதல் என்று சந்தேகிக்கலாம். அவை வரும் ஐபி முகவரிகள் பெரும்பாலும் போலி. ஒவ்வொன்றாகத் தடுப்பது வீண்வேலை. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் வடிகட்டச் சொல்லுங்கள். எச்சரிக்கை தொல்லை என்று சின் குக்கீயை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.