ஊரைவிட்டுப் போகாதவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்துக் கவிஞரும் நாவலாசிரியருமான ஜார்ஜ் மக்கே பிரவுனைப் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். ஓர்க்னித் தீவுக்கூட்டத்தில், பிறந்த ஸ்ட்ரோம்னஸ் ஊரிலேயே இருந்து எழுதியவர் என்றீர்கள். எழுத்தாளன் தன் மண்ணை விட்டுப் போகக் கூடாது என்பதற்கு அவரை உதாரணமாகக் கொள்ளலாமா?

க.

அன்புள்ள க.,

வேண்டாம். அவர் ஊரோடு இருந்ததை ஏதோ விரதம்போல நான்தான் மேடையில் பேசிவிட்டேன். உண்மையில் அவரைக் கட்டிப்போட்டது காசநோய். இருபது வயதையொட்டி வந்தது. வேலைக்குப் போக முடியாமல், அரசு உதவித்தொகையில், அம்மாவின் வீட்டில் பல வருடங்கள் கிடந்தார். குடியும் சேர்ந்துகொண்டது. அந்த அம்மாவும் உள்ளூர்க்காரர் அல்லர். ஸ்காட்லாந்தின் வடகரையில் கேலிக் பேசும் ஊரிலிருந்து ஸ்ட்ரோம்னஸில் ஓட்டல் வேலைக்கு வந்தவர்.

பிரவுன் வெளியே போகாமலும் இல்லை. 1951இல் எடின்பரோவுக்கு அருகிலுள்ள நியூபாட்டில் அபே கல்லூரியில் சேர்ந்தார். அதன் தலைவர் கவிஞர் எட்வின் மியூர், அவரும் ஓர்க்னிக்காரர். பிரவுனின் முதல் தொகுப்புக்கு (1954) முன்னுரை தந்தவரும் அவரே. சொந்த ஊர்க்காரர் ஒருவரைச் சந்திக்கவே இவர் கடல் தாண்ட வேண்டியிருந்தது. பிறகு எடின்பரோ பல்கலைக்கழகம், ஆங்கிலக் கவிஞர் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸைப் பற்றிய ஆய்வு, இடையே கத்தோலிக்க மதமாற்றம்.

அவருடைய ‘ஹாம்னவோ’ கவிதையைப் படித்திருக்கிறீர்களா? ஸ்ட்ரோம்னஸின் பழைய நார்ஸ் மொழிப் பெயர் அது. பிரவுனின் அப்பா தபால்காரர், தையல் வேலையும் தெரிந்தவர். கவிதையில் அவர் கடிதங்களோடு சந்து சந்தாக நடக்கிறார். காலையில் படகுகள் கிளம்புகின்றன, சாயங்காலம் மீனோடு திரும்புகின்றன. அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் அப்பா 1940இலேயே இறந்துவிட்டவர். கடைசி வரிகளில் மகன் படிமங்களின் தீக்குள் கையை விட்டு அந்த ஒரு நாளை அவருக்காக மீட்க முயல்கிறான். ஊர்ப்பெருமை பேசுகிற கவிதைக்கு இந்தச் சூடு வராது. இழந்தவன் எழுதியது அது.

‘கிரீன்வோ’ நாவலும் (1972) அப்படித்தான். ஹெல்யா என்ற கற்பனைத் தீவு. படகோட்டி, மீனவர்கள், கடைக்காரர், குடிகாரப் பாதிரியார், அவருடைய தாய் என்று ஐந்து நாள் வம்பும் வேலையுமாகப் போகிறது. பிறகு ‘பிளாக் ஸ்டார்’ என்ற ரகசிய அரசுத் திட்டம் வந்து கிராமத்தையே துடைத்துவிடுகிறது. ஊரைக் கொண்டாடியவர் என்று நாம் சொல்கிறவர், ஊரே இல்லாமல் போவதை எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியில் அவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்பது என் எண்ணம். வம்புப் பகுதிகளின் நிதானம் அங்கே இல்லை.

நீங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். காலை உணவு முடிந்ததும் சமையலறை மேசையில் பாத்திரங்களைத் தள்ளிவைத்துவிட்டு எழுத உட்காருவார். உள்ளூர் வாரப்பத்திரிகையான ‘ஓர்கேடிய’னுக்கு ஆண்டுக்கணக்காக வாரந்தோறும் பத்தி எழுதினார். ‘கிரீன்வோ’வைப் படித்துவிட்டு எழுதுங்கள். இறுதியில், அழிந்த ஊருக்குப் பல வருடம் கழித்துச் சில ஆண்கள் படகில் திரும்பி வந்து பழைய சடங்கை நடத்துகிறார்கள். அந்த இடத்தைப் பற்றி உங்களோடு சண்டை போட எனக்கு ஆசை.