குழிக்கு இரண்டு கச்சான்: 160 வீதமா, 64 வீதமா?

கேள்வி: முத்தையன்கட்டுப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் மேட்டுக்காணி இருக்கிறது. காலபோகத்துக்குக் கச்சான் (நிலக்கடலை) போடப்போகிறேன். விதையை ஈரச்சாக்கில் சுற்றி வைத்துப் பார்த்தேன். 100-க்கு 80 முளைத்தது. குழிக்கு இரண்டு போட்டால் 80-உம் 80-உம் 160, வெறுங்குழியே இராது என்று நினைத்தேன். சாதாரண தரம் படிக்கும் மகன், "கூட்டக்கூடாதப்பா, பெருக்கவேணும், 64 வீதம்தான்" என்கிறான். ஒன்று போட்டால் 80, இரண்டு போட்டால் 64 என்றால் எப்படிச் சரிவரும்?

பதில்: மகன் பெருக்கியது சரி. ஆனால் அவன் கண்டது வேறொரு கேள்விக்கான விடை. 64 வீதம் என்பது இரண்டு விதையும் முளைப்பதற்கான நிகழ்தகவு. உங்களுக்கு வேண்டியது குறைந்தது ஒன்றாவது முளைப்பது. நான் பார்த்தவரை, பிள்ளைகள் இந்தப் பாடத்தில் தடுமாறுவது கணக்கில் அல்ல, 'குறைந்தது' என்ற இந்த ஒரு சொல்லில்தான்.

100 குழிகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் விதை 80 குழிகளில் முளைக்கிறது. அந்த 80-இல் இரண்டாவது விதையும் முளைப்பது 64 குழிகளில். மீதி 16-இல் முதல் விதை மட்டும். முதல் விதை பொய்த்த 20 குழிகளில், இரண்டாவது 16-ஐக் காப்பாற்றுகிறது. மிச்சம் 4 குழி வெறுமை. மகன் பாடத்தில் கிளைகிளையாக வரையும் மரவரிப்படம் இதுதான். ஆக 100-க்கு 96 குழியில் பயிர் நிற்கும். குறுக்குவழியும் உண்டு: இரண்டும் பொய்க்கும் நிகழ்தகவு 0.2 × 0.2 = 0.04; அதை ஒன்றிலிருந்து கழித்தால் 0.96.

நீங்கள் கூட்டியதும் வீண்போகவில்லை. இரண்டும் முளைத்த 64 குழிகளை 160 இரண்டு தடவை எண்ணிவிட்டது. ஒரு தடவையைக் கழியுங்கள்: 160 − 64 = 96. ஒன்றாக நடக்கவே முடியாத நிகழ்ச்சிகளை மட்டுந்தான் அப்படியே கூட்டலாம்.

ஆனால் 96-க்காக 200 விதை போகிறது, 64 குழிகளில் இரண்டு செடி நெருக்குப்படும். குழிக்கு ஒன்று போட்டு, முளைத்து வந்தபின் வெறுமையான 20 குழிகளுக்கு மட்டும் இன்னொன்று போட்டால்? 80-உம் 16-உம், அதே 96. விதை 120 போதும். பின்னால் போட்டவை கொஞ்சம் பிந்தி வரும், நடந்து பார்த்துப் போடும் வேலையும் உண்டு. விதைக்கச்சான் விற்கிற விலைக்கு நான் இதைத்தான் செய்வேன்.

இனி முக்கியமான ஒன்று. இப்படிப் பெருக்குவது, ஒரு விதையின் கதி மற்றதைப் பாதிக்காதபோதுதான் செல்லும். பாடப்புத்தகம் இவற்றைச் சாரா நிகழ்ச்சிகள் என்கிறது. சாக்குக்குள் அது சரி. காணியில் ஒரே குழியில் கிடக்கும் இரண்டும் ஒன்றாகவே அழுகும், மயில் கிளறினால் ஒன்றாகவே போகும். உங்கள் காணியில் 100-க்கு 10 குழி மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் இருப்பதாகவும், அங்கே எதுவும் முளைக்காது என்றும் வையுங்கள். குழிக்கு இரண்டு போட்டால், மற்ற 90-இல் 4 வீதம், அதாவது 3.6 வெறுமை, பள்ளத்தில் 10, மொத்தம் 13.6. குழிக்கு மூன்று விதை போட்டாலும் அது 10.72-க்குத்தான் இறங்கும். அந்தப் பத்துக் குழியையும் மீட்பது வடிகால்தான், விதை அல்ல.

முளை வந்ததும் மகனையும் கூட்டிக்கொண்டு போய் வெறுங்குழிகளை எண்ணுங்கள். இங்கொன்று அங்கொன்றாக இருந்தால் இன்னொரு விதை போடுங்கள். ஒரே இடத்தில் குவிந்திருந்தால் முதலில் மண்வெட்டியை எடுங்கள்.