ஆல்ப்ஸ் கிராமத்தில் கோடை விடுமுறை: கேள்வி-பதில்

ஜூலையில் சுவிட்சர்லாந்தின் வெங்கனில் தங்குகிறோம். கிராமத்தில் பனி இருக்குமா? (சேலம்)

இருக்காது. வெங்கன் சுமார் 1,270 மீட்டர், பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கக் கிராமமான ம்யூரன் 1,640. ஜூலையில் இரண்டும் பச்சைப் புல்வெளி. பனியை மிதிக்க வேண்டுமென்றால் 3,000 மீட்டருக்கு மேலே போக வேண்டும். அதற்காக மழைச்சட்டையை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். மதியம் இடி இடித்தால் வெயில் போன இடம் தெரியாமல் குளிர் இறங்கிவிடும்.

அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. வெங்கனா, ம்யூரனா? (மதுரை)

ம்யூரன். கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் லவுட்டர்புருன்னனில் கேபிள் கார் ஏறி, மேலே க்ரூட்ஷல்பில் ரயிலுக்கு மாற வேண்டும், அவ்வளவுதான். அம்மா நடக்க ஆசைப்பட்டால் ம்யூரனிலிருந்து க்ரூட்ஷல்புக்கே நடக்கலாம். நாலரை கிலோமீட்டர், ஏறக்குறைய சமதளம். எதிரே ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்று சிகரங்களும் கூடவே வரும். பாதி வழியில் விண்டெரெக் நிலையம் இருக்கிறது, முடியாவிட்டால் அங்கே ரயில் ஏறிவிடலாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும், ஆகையால் சரிவில் இறங்கும் பாதைகள் அம்மாவுக்கு வேண்டாம். இரண்டு ஊர்களிலும் கார் கிடையாது. அறை போடும் முன் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம், வாசலில் எத்தனை படி என்று எழுதிக் கேளுங்கள்.

சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கியாயிற்று. யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் இலவசம்தானே? (கோவை)

இல்லை. வெங்கன், ம்யூரன், கிரிண்டெல்வால்ட் வரை பாஸ் செல்லும். அதற்கு மேலே தள்ளுபடி மட்டும். வாங்கும் முன் வரைபடத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சுவிஸ் போகணும் சார். நல்ல இடமா சொல்லுங்க. அவசரம். (ஊர் பெயர் இல்லை)

எந்த மாதம், எத்தனை நாள், யார் யார், எவ்வளவு பணம்? இவை இல்லாமல் நான் எதைச் சொன்னாலும் உங்களுக்குப் பயன்படாது. ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

முகவர் ஆறு மாதம் முன்பே யுங்ஃப்ராவ்யோக் டிக்கெட் போட்டுவிட்டார். தேதி மாற்ற முடியாதாம். அன்று மேகமாக இருந்தால்? (சென்னை)

இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. 1912-இல் ஐகர், மோன்ஷ் மலைகளைக் குடைந்து 3,454 மீட்டர் உயரத்துக்கு ரயில் விட்டார்கள். மேலே நின்றால் ஆல்ப்ஸிலேயே பெரிய அலெச் பனியாறு காலடியில் நீண்டு கிடக்கும். அதைப் பார்க்கத்தான் ஆளுக்கு 200 பிராங்குக்கு மேல், நம் பணத்தில் 20,000 ரூபாயைத் தாண்டி, கொடுக்கிறோம். மேகம் மூடிய நாளில் கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. என் முதல் பயணத்தில் ஒரு முகவர் இதே மாதிரி தேதியைக் கட்டிப்போட்டார். இரண்டு மணி நேரம் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு இறங்கினேன். மறுநாள் காலை வானம் துடைத்து வைத்தது போல் இருந்தது, நாங்களோ ஜெனீவா ரயிலில்.

ஆகவே கிராமத்தில் மூன்று இரவாவது தங்குங்கள். முதல்நாள் மாலை வானிலையைப் பார்த்து, மூன்றில் தெளிவான நாளுக்கு டிக்கெட்டையும் இருக்கையையும் சேர்த்துப் பதியுங்கள். காலையில் உங்கள் ஜன்னலை நம்பாதீர்கள். பள்ளத்தாக்கு மூடியிருக்கும்போதே உச்சி மேகத்துக்கு மேலே பளிச்சென்று இருப்பதுண்டு. உச்சியில் இருக்கும் கேமராவின் நேரலைப் படத்தைப் பாருங்கள். முதல் ரயில்களில் போய்விடுங்கள். சரிவு வெயிலில் சூடாகி ஈரக்காற்று மேலெழ, மதியத்துக்குள் மேகம் திரண்டுவிடும். மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், அவசர நடை கூடாது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறவே வேண்டாம்.

உங்கள் டிக்கெட்டுக்கு வருகிறேன். முகவரிடம் தேதி மாற்ற விதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். மழை நாள் மிஞ்சினால் ட்ரூம்மெல்பாக் போங்கள். பாறைக்குள்ளேயே பத்து அருவிகள், அந்த மூன்று சிகரங்களின் பனியாற்று நீர் நொடிக்கு 20,000 லிட்டர் வரை இறங்கும். அதற்கு வெயில் தேவையில்லை. நாலு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள்.

அடுக்ககம் எடுத்திருக்கிறோம். குக்கர் கொண்டுபோகலாமா? (திருச்சி)

கட்டாயம். ம்யூரன் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும். இண்டக்‌ஷன் அடுப்பாக இருக்கலாம், சாதா அலுமினிய குக்கர் அதில் சூடேறாது. கறிவேப்பிலை, அரிசி, மிளகாய்த்தூளைச் சூரிச்சிலோ பெர்னிலோ ஈழத்தமிழர் கடைகளில் வாங்கிவிட்டு மலை ஏறுங்கள். 80-களில் போரிலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாகச் சுமார் 50,000 பேர் சுவிஸில் இருக்கிறார்கள். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்குங்கள்.

பிளாட்டன் கிராமம் புதைந்ததைப் பார்த்த பிறகு பயமாக இருக்கிறது. (ஈரோடு)

நியாயமான பயம். 2025 மே 28 அன்று பனியாறு சரிந்து அந்தக் கிராமத்தில் பெரும்பகுதி புதைந்தது. ஒருவர் இறந்தார். மலையைக் கண்காணித்து வந்ததால் சுமார் 300 பேரையும் சில நாள் முன்பே வெளியேற்றியிருந்தார்கள். அது வாலே மாநிலத்தில், வெங்கன், ம்யூரனுக்கு மலைத்தொடரின் மறுபக்கம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பாதை மூடப்பட்டதாகப் பலகை இருந்தால் தாண்டாதீர்கள். பாதைக் குறிகளில் மஞ்சள் எல்லாருக்கும், வெள்ளை-சிவப்பு-வெள்ளை நல்ல காலணி உள்ளவர்களுக்கு, வெள்ளை-நீலம்-வெள்ளை உங்களுக்கு இல்லை. பலகையில் இருப்பது தூரமல்ல, நேரம். அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள், மழைச்சட்டையைப் பையில் வையுங்கள்.

பாதை மாடுகள் நடுவே போகிறதாமே, குழந்தைகள் தொட்டுப் பார்க்கலாமா? (நாகர்கோவில்)

கூடாது. கன்றோடு நிற்கும் தாய்மாடு முட்டும். நன்றாக விலகிச் சுற்றிப் போங்கள், ஓடாதீர்கள். வேலிக் கதவைத் தாண்டியதும் கொக்கியை மாட்டிவிடுங்கள்.