தொழிலாளர் வீட்டுக்கு இரவில் போலீஸ் வந்தால் என்ன கேட்கலாம், என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் 3 ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். இலை பறிக்க உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை. ஜார்க்கண்டிலிருந்து இரண்டு குடும்பங்கள், மேற்கு வங்கம் கூச் பிகாரிலிருந்து அண்ணன் தம்பி என்று 7 பேர் பின்கட்டு வீடுகளில் தங்கி வேலை செய்கிறார்கள். போன வாரம் இரவு ஒன்பதரைக்கு மூன்று போலீஸ்காரர்கள் வந்தார்கள், இரண்டு பேர் மஃப்டி. எல்லார் ஆதாரையும் பார்த்தார்கள். வங்காளி பேசும் தம்பியை மட்டும் 'நீ பங்களாதேஷ்தானே' என்று கன்னத்தில் அறைந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் மதியம் விட்டுவிட்டார்கள். அவன் ஆதாரும் போனும் இன்னும் திரும்பவில்லை. மற்றவர்கள் ஊருக்குக் கிளம்புகிறோம் என்கிறார்கள். ஆதார் பார்த்துத்தானே வேலைக்கு வைத்தேன்? இதை யாரிடம் கேட்பது, கேட்டால் எனக்கே வம்பு வருமா? என் மாமியார் 1972-இல் சிலோனிலிருந்து மண்டபம் வழியாக வந்தவர். அமெரிக்காவில் முகமூடி போட்டவர்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போகும் வீடியோவைப் பார்த்துவிட்டு, 'நாளைக்கு என்னையும் கேட்பாங்களா' என்று தூங்காமல் கிடக்கிறார்.

பதில்: அன்றிரவு நடந்ததை மொத்தமாகச் சேர்த்து 'போலீஸ் அராஜகம்' என்று மனு எழுதிவிடாதீர்கள். அப்படிப்பட்ட மனு மேசையிலேயே கிடந்து மக்கிப்போகும். வந்து கேட்டது, பொருளை எடுத்தது, ஆளைக் கொண்டுபோனது, கை வைத்தது எல்லாமே தனித்தனிச் செயல்கள். ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு.

வந்து கேட்டதில் தவறில்லை. குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025, செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களின் இடத்துக்கு வந்தது அது. பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் உள்ளே வந்த வெளிநாட்டவருக்கு 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். நியாயமான சந்தேகம் இருந்தால் ஏட்டு அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ்காரர் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். சந்தேகத்துக்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் திருப்பூர் மாவட்டத்தில் வங்கதேசத்தவர் பலர் பிடிபட்டார்கள், போலி ஆதார் விவகாரமும் அதில் வெளியே வந்தது. அதன் பிறகு வடமாநிலத் தொழிலாளர் தங்கும் இடங்களை ஸ்டேஷன்கள் சுற்றிப் பார்ப்பது இயல்புதான்.

ஆதாரைப் பார்த்து வேலைக்கு வைத்தேன் என்கிறீர்கள். நீங்கள் பார்த்தது அவர் யார் என்பதை. எந்த நாட்டுக் குடிமகன் என்பதை ஆதார் சொல்லாது. ஆதார் சட்டத்தின் 9-ஆம் பிரிவே அப்படித்தான் இருக்கிறது. இங்கே 182 நாள் வசித்த வெளிநாட்டவரும் முறைப்படி ஆதார் வாங்கலாம். சரி, இதைத்தான் ஸ்டேஷனிலும் உங்களிடம் சொல்வார்கள். ஆனால் ஆதார் போதாது என்பதாலேயே ஒருவர் வெளிநாட்டவர் ஆகிவிட மாட்டார் என்பதை அங்கே யாரும் சொல்வதில்லை.

இந்த இடத்தில் சட்டம் கொஞ்சம் கடுமையானதுதான். ஒருவர் வெளிநாட்டவரா இல்லையா என்ற கேள்வி எழுந்தால், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில்தான் விழுகிறது. பழைய சட்டத்தின் அதே ஏற்பாடு புதிதிலும் தொடர்கிறது. ஆனால் 2024 ஜூலையில் அசாம் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. கையில் ஏதாவது ஆதாரம் இல்லாமல், போகிற வருகிறவரைப் பிடித்து 'நீ வெளிநாட்டவன், இல்லையென்றால் நிரூபி' என்று சொல்ல அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்றது. எதன் பேரில் சந்தேகம் வந்தது என்பதை முதலில் அவர்கள் சொல்ல வேண்டும்.

பேசும் மொழி அந்த 'எதன் பேரில்' ஆகாது. கூச் பிகார்க்காரரின் பேச்சும் எல்லைக்கு அப்பால் ரங்பூர்க்காரரின் பேச்சும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். போதாததற்கு, 2015 ஆகஸ்ட் 1-இல் இந்தியாவும் வங்கதேசமும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கியிருந்த நிலத்திட்டுகளை மாற்றிக்கொண்டபோது 51 திட்டுகள் இந்தியாவோடு சேர்ந்தன. அங்கே குடியிருந்தவர்கள் அன்றுமுதல் இந்தியக் குடிமக்கள். கூடலூர், கோத்தகிரியில் 'சிலோன்காரங்க' என்று பேச்சை வைத்தே ஆளைப் பிரித்த காலத்தை உங்கள் மாமியாரிடம் கேளுங்கள், அவர் விளக்கமாகச் சொல்வார்.

ஒருவர் 'நான் இன்ன மாநிலத்தவன்' என்று சொன்னால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கு 2025 மே மாதம் உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. விவரத்தை அந்த மாநிலத்துக்கு அனுப்பி, 30 நாளுக்குள் சரிபார்த்துப் பதில் வாங்க வேண்டும். கூச் பிகார் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் அனுப்புவதற்கும் இரவு ஜீப்புக்கும் சம்பந்தமே இல்லை. அவசரத்தில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு பீர்பூம் மாவட்டக் கர்ப்பிணி ஒருவரின் கதை போதும். 2025 ஜூனில் டெல்லியில் குடும்பத்தோடு பிடித்து வங்கதேசத்துக்குள் தள்ளிவிட்டார்கள். செப்டம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் திருப்பி அழைத்துவரச் சொன்னது. அவர் திரும்பி வந்தபோது டிசம்பர் ஆகிவிட்டது.

இப்போது ஆதாரும் போனும். போனைக் கைப்பற்றுவது சட்டத்தின் கண்ணில் ஒரு பறிமுதல். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, தேடுதலையும் பறிமுதலையும் வீடியோவில் பதிவு செய்யவும், எடுத்தவற்றைப் பட்டியலிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கவும் சொல்கிறது. பட்டியல் இருந்தால் நகல் கேளுங்கள். இல்லை என்றால், அந்தப் பொருள் ஸ்டேஷனில் எந்தக் கணக்கில் கிடக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். அதுவரை அந்தப் பையன் கையை வீசிக்கொண்டு திரிய வேண்டாம். இ-ஆதாரைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம், அட்டைக்கு உள்ள அதே மதிப்பு அதற்கும் உண்டு.

ஆளைக் கொண்டுபோனதுதான் பெரிய விஷயம். 'சும்மா விசாரணை, காலையில் அனுப்பிடுவோம்' என்பது நம் ஸ்டேஷன்களின் பழைய வாசகம். சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. வழக்கு விவரம் தெரிந்தவர் என்று ஒருவரை அழைப்பதானால் அதே சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவின்படி எழுத்தில் உத்தரவு தர வேண்டும். பெண்களையும் 60 வயது கடந்தவர்களையும் அப்படி ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது, அவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். அல்லது கைது செய்யாமல் ஆஜராகச் சொல்லும் 35-ஆம் பிரிவின் நோட்டீஸ் கொடுக்கலாம். இரண்டும் இல்லாமல் ஜீப்பில் ஏற்றினால், அவர்கள் என்ன பெயர் வைத்தாலும் அது கைது. கைது என்றால் கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்து இட வேண்டும். அந்த இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போடலாம். கைதானவர் சொல்லும் ஆளுக்குத் தகவல் போக வேண்டும். காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் சேர்த்தே சொல்லிவிட்டது. அந்தத் தம்பிக்குத் தமிழிலேயே ஒரு வரிகூட எழுதித் தரவில்லை, பிறகு வங்காள மொழியில் எங்கே?

36-ஆம் பிரிவு கைது செய்பவர் தெளிவாகத் தெரியும்படி பெயர்ப்பட்டை அணிய வேண்டும் என்கிறது. மஃப்டியில் வந்த இருவரிடமும் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி பெயரும் அந்தஸ்தும்தான். மாமியார் பார்த்த வீடியோவின் சண்டையும் ஏறக்குறைய இதேதான். அமெரிக்காவில் குடிவரவு அதிகாரிகள் முகத்தை மூடிக்கொண்டு வருவதற்கு எதிராக 2025 செப்டம்பரில் கலிபோர்னியா ஒரு சட்டமே கொண்டுவந்தது, மத்திய அரசு அதை எதிர்த்து நீதிமன்றம் போனது. அடித்தவர் யாரென்று தெரியாவிட்டால் எந்தச் சட்டமும் காகிதத்தோடு நின்றுவிடும்.

அறைந்ததற்கு வருவோம். கைதை எதிர்ப்பவரையோ தப்பியோட முயல்பவரையோ தடுக்கத் தேவையான அளவு பலம் மட்டுமே சட்டம் அனுமதிப்பது. வாசலில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தவரை அறைவது அதில் வராது. உண்மையைக் கக்க வைப்பதற்காகக் காயப்படுத்தினால் தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவின் 120-ஆம் பிரிவு, 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம். அரசு மருத்துவமனைக்கு அன்றே போயிருந்தால் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) கிடைத்திருக்கும். ஒரு வாரம் கழிந்தாலும் காது வலி, தாடை வலி இருந்தால் இப்போதே அழைத்துப் போய், எப்படி வந்தது என்று சொல்லிப் பதியச் சொல்லுங்கள். ஸ்டேஷன் கேமரா பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 டிசம்பர் தீர்ப்பு. அந்த இரவின் பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி மனுவிலேயே ஒரு வரி சேருங்கள். ஒரு அறைக்கு இவ்வளவா என்று சிலர் கேட்பார்கள். 2020-இல் சாத்தான்குளத்தில் அப்பனும் மகனும் செத்ததும், 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி செத்ததும் 'விசாரணை' என்ற அதே சொல்லில்தான் தொடங்கின.

வம்பு வருமா? வராது என்று பொய் சொல்ல மாட்டேன், சின்ன ஊர். அதனால்தான் ஸ்டேஷன் வாசலில் நின்று சத்தம் போடாமல், மனுவை ஊட்டியில் எஸ்.பி. அலுவலகத்துக்கு எடுத்துப் போகச் சொல்கிறேன். நேரில் கொடுத்தால் ரசீது வாங்குங்கள், இல்லையென்றால் ஸ்பீடு போஸ்ட். தேதி, நேரம், வண்டி எண் தெரிந்தால் அது, யார் யார் பார்த்தார்கள் என்பது போதும், உரிச்சொற்கள் வேண்டாம். பொருளைத் திருப்பித் தரக் கேட்பதை ஒரு மனுவாகவும், அடித்ததை இன்னொரு மனுவாகவும் பிரித்துக் கொடுங்கள். முதலாவது சீக்கிரம் முடியும், இரண்டாவதோடு சேர்த்தால் இரண்டுமே நிற்கும். அடித்த புகாரில் பையனின் கையெழுத்து இருக்க வேண்டும், உங்களுடையது சாட்சி மட்டுமே. பதில் இல்லாவிட்டால் மாநில மனித உரிமை ஆணையம், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம், சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 எண்ணில் பேசலாம்.

இன்னொன்றையும் மனுவில் எழுதலாம், எஸ்.பி.க்கே அது புரியும். அமெரிக்காவில் பல நகரங்கள் உள்ளூர்ப் போலீஸைக் குடிவரவு வேலையில் சேரவிடுவதில்லை. ஆவணம் இல்லாதவர் கொலையைப் பார்த்தாலும் போலீஸிடம் வரமாட்டார் என்பது அவர்கள் வாதம். டிரம்ப் அரசு அதற்காகச் சில நகரங்கள் மீது வழக்கே போட்டிருக்கிறது. நம்மிடம் அப்படிப் பிரித்து வைப்பதே கிடையாது. மேஸ்திரி கூலியை ஏமாற்றினாலும் போகவேண்டியது அதே ஸ்டேஷன், குடியுரிமை கேட்பதும் அதே ஸ்டேஷன், மாவட்டத்தில் வெளிநாட்டினர் பதிவு அதிகாரியும் எஸ்.பி.தான். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளரைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்ற பொய் வீடியோக்கள் பரவியபோது டி.ஜி.பி.யே முன்வந்து மறுத்தார், திருப்பூரில் உதவி எண் திறந்தார்கள். அன்று பலர் ஊருக்கு ஓடாமல் நின்றதற்குக் காரணம் போலீஸின் சொல். கன்னத்தில் விழுந்த ஓர் அறையோடு அந்த நம்பிக்கை போய்விடுகிறது. உங்கள் ஜார்க்கண்ட் குடும்பங்கள் மூட்டை கட்டுவது வேறு எதனால்?

உங்கள் பக்கமும் சரியாக இருக்கட்டும். 1979-ஆம் ஆண்டு வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் 5 பேர் இருந்தாலே பதிவு கேட்டது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்பில் அது 10 பேர். 7 பேர் வைத்திருக்கும் நீங்கள் கட்டாயத்துக்குள் வரவில்லை. இருந்தாலும் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் அவர்கள் விவரத்தைப் பதிந்துவிடுங்கள், கேள்வி வந்தால் காட்ட ஒன்று இருக்கும். வீட்டில் ஒரு நோட்டில் போட்டோ, சொந்த ஊர்ப் பஞ்சாயத்து, அங்கே பேசக்கூடிய ஒருவரின் எண். ஆதார் அட்டையை வெறும் கண்ணால் பார்க்காமல் அதிலுள்ள க்யூ.ஆர். கோடை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்யுங்கள், போலி என்றால் அங்கேயே தெரிந்துவிடும். பள்ளிச் சான்றிதழ், அப்பா பெயர் உள்ள பழைய வாக்காளர் பட்டியல் ஆகியவற்றின் நகலை ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வரவழைக்கச் சொல்லுங்கள். ஒரிஜினலை யாரும் கையோடு கொண்டுவர வேண்டாம்.

மாமியார் விஷயம் இதைவிட எளிது. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொண்டது. அப்படி வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறும் முன்பே இந்தியக் குடிமக்களாகப் பதியப்பட்டு, இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்தார்கள். அவர்களுக்காகத்தான் 1968-இல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டம் போட்டார்கள், இன்றைய தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ அது. அவர் அகதி இல்லை, தாயகம் திரும்பியவர். 1983-க்குப் பின் வந்தவர்களின் நிலை வேறு. அவர்களிலும் 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்குப் புதிய சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு இருக்கிறது. மாமியாரின் பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் டிரங்குப் பெட்டியில் கிடந்தால் ஸ்கேன் எடுத்துப் பிள்ளைகள் எல்லார் போனிலும் போடுங்கள். தொலைந்திருந்தால், டான்டீயில் வேலை பார்த்தவர் என்றால் அவருடைய பணிப் பதிவின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் மனைவி 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் என்றால் பிறப்பாலேயே குடிமகள். பிறப்புச் சான்றிதழ் ஒன்றே போதும், அது இல்லையென்றால் இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.