மாண்ட்ரீல் 1885: பெரியம்மையும் ஒரு நகரசபையும் – கேள்வி பதில்

கனடாவின் மாண்ட்ரீல் நகரத்தில் 1885-இல் பெரியம்மை பரவி, அந்த ஒரு வருடத்திலேயே மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊரின் மக்கள்தொகை அப்போது சுமார் 1,67,000. இறந்தவர்களில் பெரும்பாலோர் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். பத்துக்கு ஒன்பது பேர் பிரெஞ்சு பேசுகிறவர்கள். அந்த ஊர் நகரசபை என்ன செய்தது, எதைக் கோட்டை விட்டது என்று கேளுங்கள், சொல்கிறேன் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

நோய் எப்படி ஊருக்குள் வந்தது? கப்பலிலா? (கோவை வாசகர்)

ரயிலில். பிப்ரவரி மாதம் அங்கே ஆறு உறைந்து கிடக்கும், கப்பல் வர வழியில்லை. பிப்ரவரி 28 அன்று சிகாகோவிலிருந்து வந்த ரயிலில் புல்மன் என்ற சொகுசுப் படுக்கைப் பெட்டியின் கண்டக்டர் ஜார்ஜ் லாங்லி காய்ச்சலும் கொப்புளமுமாக இறங்கினார். ஆங்கிலேயர்கள் நடத்திய பொது மருத்துவமனை அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. நகரசபைக்கென்று தனியாக ஒரு அம்மை மருத்துவமனை உண்டு. சில வருடங்களாக ஊரில் நோய் இல்லாததால் அதை மூடி வைத்திருந்தார்கள். கடைசியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓட்டல்-தியூ மருத்துவமனைதான் இடம் கொடுத்தது.

லாங்லி பிழைத்துக்கொண்டார். அங்கே வேலை செய்த பேலஜி ரொபிஷோ என்ற பெண்ணுக்குத் தொற்றி, ஏப்ரல் தொடக்கத்தில் அவர் இறந்தார். அடுத்து அவருடைய சகோதரி. அதற்கப்புறம் நடந்ததுதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையிலேயே மோசமான கட்டம். வார்டுகளில் நோய் பரவுகிறது என்று தெரிந்ததும், அறிகுறி தெரியாத நோயாளிகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரியம்மை உடம்புக்குள் புகுந்து வெளியே தெரிய ஏறக்குறைய 12 நாள் ஆகும். அதுவரை ஆள் பார்க்க நன்றாகத்தான் இருப்பார். அப்படிப் போனவர்கள் எந்தத் தெருவுக்குப் போனார்கள், யாரோடு இருந்தார்கள் என்று நகரசபை ஒழுங்காகப் பின்தொடரவில்லை.

ஜென்னர் 1796-லேயே தடுப்பு முறையைக் கண்டுபிடித்துவிட்டார். தொண்ணூறு வருடம் கழித்து ஏன் இத்தனை சாவு? (மருத்துவ மாணவி, சென்னை)

தடுப்பூசி இருந்தது, டாக்டர்கள் இருந்தார்கள், இலவசமாகவும் போட்டார்கள். கெட்டுப்போனது சரக்கு.

அந்தக் காலத்து அம்மைக்குத்தலை இன்றைய ஊசியோடு ஒப்பிட முடியாது. மாட்டம்மை கண்ட கன்றின் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து, தந்தத்தில் செய்த சிறு முனைகளில் தோய்த்துக் காயவைப்பார்கள். குத்துகிறவர் தோலைக் கீறி அதைத் தேய்ப்பார். குளிர்பதனம் கிடையாது, கிருமி நீக்கம் பெயரளவுக்குத்தான். கொப்புள நீரோடு வேறு கிருமி கலந்தாலும் கண்டுபிடிக்க வழியில்லை. 1885 வசந்தத்தில் நகரசபை பயன்படுத்திய சரக்கில் அப்படித்தான் ஆயிற்று. குத்திக்கொண்ட சிலருக்குக் கை வீங்கி, சிவந்து, தோல் முழுக்கத் தொற்று பரவியது. உடனே நகரசபை பொதுத் தடுப்பூசி வேலையையே நிறுத்திவிட்டது.

கெட்ட சரக்கை நிறுத்தியது சரிதான். ஆனால் வேறு இடத்திலிருந்து நல்ல சரக்கு வரவழைத்துச் சீக்கிரமே மறுபடி தொடங்கியிருக்கலாம். மாதக்கணக்கில் சும்மா இருந்தார்கள். "குத்தினால் கை அழுகும்" என்ற பேச்சு அதற்குள் வீடு வீடாகப் போய்விட்டது. அந்தப் பேச்சை முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது, மக்கள் கண்ணால் பார்த்திருந்தார்களே!

இதற்கு ஒரு பழைய பின்னணியும் உண்டு. ஜோசஃப் எமெரி-கோதேர் என்ற மருத்துவப் பேராசிரியர் 1870-களிலிருந்தே தடுப்பூசியை எதிர்த்துப் பேசியும் எழுதியும் வந்தார். கட்டாயமாக்கும் யோசனை வந்ததும் 1875-இல் நகரசபைக் கட்டடத்திலேயே கலாட்டா நடந்தது. அதைப் பார்த்த கவுன்சிலர்கள் பத்து வருடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் படிப்பறிவில்லாமல் மறுத்தார்கள், அதனால் செத்தார்கள் என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும்? (பெயர் வேண்டாம் என்றவர்)

அன்றைய ஆங்கிலப் பத்திரிகைகளும் கிட்டத்தட்ட இதையேதான் எழுதின. அதனால் வந்த விளைவைக் கீழே கலவரம் பற்றிய பதிலில் பார்க்கலாம்.

அந்த வருடம் என்ன வருடம் என்று பாருங்கள். மேற்குக் கனடாவில் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய லூயி ரியேலுக்கு ஜூலையில் விசாரணை நடந்தது. நவம்பர் 16-இல் தூக்கில் போட்டார்கள். பிரெஞ்சு மக்களுக்கு அவர் தங்கள் ஆள். "ஆங்கிலேயன் அங்கே ரியேலைக் கொல்கிறான், இங்கே நம் பிள்ளையின் கையைக் கீறுகிறான்" என்று ஒரு தொழிலாளி நினைத்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. பணமும் முதலாளித்துவமும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் கையில். நெரிசலான கிழக்குப் பகுதி வீடுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சுக் கூலிக் குடும்பங்கள். இந்த வீட்டில் அம்மை என்று எச்சரிக்கும் நகரசபை அட்டை வாசலில் தொங்கினால் வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அம்மை மருத்துவமனையில் போட்டால் உயிரோடு திரும்புமா என்ற பயம் அதைவிடப் பெரிது.

இன்னொன்று. தடுப்பூசிக்காகப் போராடிய மேயர், நகர சுகாதார அதிகாரி டாக்டர் லூயி லபெர்ஜ், இருவருமே பிரெஞ்சுக்காரர்கள்தான்.

மேயர் டாக்டரா?

இல்லை, பத்திரிகைக்காரர். பெயர் ஓனோரே போக்ராண். 'லா பாத்ரி' நாளிதழின் உரிமையாளர், நாட்டுப்புறக் கதைகளும் எழுதியவர். இளம் வயதில் மெக்சிகோவுக்குப் போய்ப் பிரெஞ்சுப் படையில் சண்டை போட்டவர். மேயர் நாற்காலியில் உட்கார்ந்த வருடமே அம்மையும் வந்து சேர்ந்தது. திருச்சபையோடு ஒத்துப்போகாத தாராளவாதி என்பதால், பாதி ஊருக்கு அவரை ஏற்கெனவே பிடிக்காது.

கலவரம் என்கிறீர்களே, அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள் சார். (திருநெல்வேலி)

செப்டம்பர் 28. தடுப்பூசி இனிக் கட்டாயம் என்ற அறிவிப்பு வெளிவந்த நாள். சாயங்காலம் கிழக்குப் பகுதியில் இருந்த சுகாதாரக் கிளை அலுவலகத்தைக் கூட்டம் சூழ்ந்தது. ஜன்னலை உடைத்து, உள்ளே இருந்த சாமான்களைத் தெருவில் போட்டு நாசமாக்கினார்கள். அங்கிருந்து நகரசபைக் கட்டடம். அதன் கண்ணாடிகளும் போயின. அப்புறம் பிரெஞ்சுக்காரர்களை இழிவாக எழுதிவந்த 'ஹெரால்ட்' பத்திரிகை அலுவலகம், மருந்துக் கடைகள், தடுப்பூசிக்கு ஆதரவான டாக்டர்களின் வீடுகள். போலீஸ் தலைவருக்கே காயம். உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த போக்ராண் எழுந்து வந்து துணைப்படையை அழைத்தார்.

கூட்டம் எங்கெங்கே போனது என்ற வரிசையைக் கவனியுங்கள். ஊசி மட்டும்தான் கோபத்துக்குக் காரணம் என்றால் பத்திரிகை அலுவலகத்துக்குப் போக வேண்டிய வேலை என்ன?

படை வந்ததும் தெரு அடங்கியது. நோய் அடங்கவில்லை. அக்டோபரில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதுதான் உச்சம்.

வீட்டுக்கு அட்டை மாட்டுவது, கந்தகப் புகை போடுவது, இதெல்லாம் பலன் தந்ததா? (சுகாதார ஆய்வாளர், ஓய்வு)

உங்களுக்கே தெரிந்திருக்கும், ஓரளவுதான். அட்டையை மாட்டிவிட்டு ஆள் தெருமுனை தாண்டுவதற்குள் வீட்டுக்காரர்கள் கிழித்தார்கள். நோயை மறைத்தார்கள். கந்தகப் புகை துணிமணிக்கும் அறைக்கும் கொஞ்சம் உதவும்; ஒரே கட்டிலில் மூன்று பிள்ளைகள் படுக்கும் வீட்டில் அதை வைத்து என்ன செய்வது? நோயாளியைப் பிரித்து வைப்பதுதான் உண்மையான பலன் தரும். அதற்கு நல்ல மருத்துவமனை வேண்டும். மூடிக் கிடந்த மருத்துவமனையைத் திறந்தார்கள், போதவில்லை. பொருட்காட்சி மைதானத்துக் கட்டடங்களையும் அம்மை மருத்துவமனையாக மாற்றினார்கள். அதற்குள் இலையுதிர்காலம் வந்துவிட்டது.

நம் ஊரில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். அங்கே தேவாலயம் என்ன செய்தது? குறுக்கே நின்றதா? (விருதுநகர்)

அக்டோபரில் ஜெபமாலை ஊர்வலம் நடந்தது, தெரு கொள்ளாத கூட்டம். தொற்றுநோய்க் காலத்தில் இப்படிக் கூடலாமா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. ஆனால் குறுக்கே நின்றது என்று மொத்தமாகச் சொல்வது அநியாயம். ஆயர் எதுவார்-ஷார்ல் ஃபாப்ர், தடுப்பூசி போட்டுக்கொள்ளும்படி மக்களிடம் சொல்லச் சொல்லித் தம் குருக்களைக் கேட்டுக்கொண்டார். அம்மை வார்டுகளில் நோயாளிகளைக் கவனித்தவர்களில் கன்னியாஸ்திரீகள் முக்கியமானவர்கள். பங்குக் குருக்களை ஏப்ரலிலேயே பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்காதது நகரசபையின் தப்பு.

வியாபாரம் பாதிக்கவில்லையா? (திருப்பூர், பனியன் தொழில்)

உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன். மாண்ட்ரீலில் ஆயத்த ஆடைகளின் தையல் வேலை நிறைய வீடுகளில்தான் நடந்தது. மூலையில் அம்மை கண்ட பிள்ளை படுத்திருக்க, அதே அறையில் கோட்டும் சட்டையும் தைத்தார்கள். இந்தச் செய்தி வெளியே போனதும் அந்த ஊர்ச் சரக்கு என்றாலே மற்ற ஊர்க்காரர்கள் ஒதுங்கினார்கள். ஒன்டாரியோ மாகாணமும் அமெரிக்காவும் ரயில்களில் பரிசோதகர்களை ஏற்றின. தழும்பைக் காட்டு, இல்லையென்றால் இங்கேயே குத்திக்கொள், அதுவும் முடியாதென்றால் இறங்கு.

இங்கே ஒரு வேடிக்கை. தடுப்பூசிக்கு எதிராகத் துண்டுப் பிரசுரம் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்த டாக்டர் அலெக்சாண்டர் மில்டன் ராஸும் ஒன்டாரியோ ரயிலில் பரிசோதகரிடம் மாட்டினார். சட்டையைக் கழற்றச் சொன்னால் கையில் தடுப்பூசித் தழும்புகள், அதில் ஒன்று புத்தம்புதியது!

வியாபாரிகளுக்கு வலித்த பிறகுதான் நகரசபைக்குப் பணமும் வேகமும் வந்தன. பெரிய முதலாளிகள் தடுப்பூசி போடாதவர்களுக்கு வேலை இல்லை என்றார்கள். சட்டத்தைவிட இதுதான் அதிகம் பேரைக் குத்திக்கொள்ள வைத்திருக்கும் என்பது என் ஊகம்.

நகரத்துக்கு வெளியே பரவியபோது யார் பொறுப்பு?

நல்ல கேள்வி, பலர் கவனிக்காத இடம். சாந்-குனெகோந்த், சாந்-அன்ரி, சான்-ழான்-பதீஸ்த் எல்லாம் இன்று மாண்ட்ரீலுக்குள் இருக்கும் பகுதிகள். அன்று தனித்தனி ஊராட்சிகள். தெருவின் இந்தப் பக்கம் ஒரு மேயர், அந்தப் பக்கம் இன்னொரு மேயர். லபெர்ஜின் ஆட்கள் எல்லையில் நின்றுவிட வேண்டும், அம்மை நிற்காது. செப்டம்பரில் மாகாண அரசு முழுப் பகுதிக்குமாக ஒரு மத்திய சுகாதாரக் குழுவை அமைத்து, முன்னாள் மேயரும் அறுவை மருத்துவருமான வில்லியம் ஹிங்ஸ்டனிடம் கொடுத்தது. நோய் ஓய்ந்தபின் கியூபெக் மாகாணத்துக்கு நிரந்தர சுகாதார வாரியமும் வந்தது.

மேயர் அடுத்த தேர்தலில் தோற்றிருப்பாரே?

ஜெயித்தார். 1886-இலும் அவரே மேயர். அந்த வருடத் தொடக்கத்திலேயே அம்மை கிட்டத்தட்ட ஓய்ந்திருந்தது.

அன்று நீங்கள் சுகாதார அதிகாரியாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? (சேலம்)

செப்டம்பரில் செய்வதற்கு அதிகம் இல்லை. ஏப்ரலில் ஓட்டல்-தியூவிலிருந்து வீடு திரும்பியவர்களின் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் பிரெஞ்சு பேசும் டாக்டரையும் அந்தப் பங்குக் குருவையும் சேர்த்து அனுப்பியிருப்பேன். புதுச் சரக்கு வாங்கி முதலில் மேயருக்கும் கவுன்சிலர்களுக்கும் எல்லோரும் பார்க்கக் குத்தியிருப்பேன். தனித்து வைக்கப்பட்ட குடும்பத்துக்கு அந்த நாட்களின் கூலியை நகரசபையே கொடுக்க வேண்டும் என்று சண்டை போட்டிருப்பேன். கவுன்சிலர்கள் கடைசி யோசனையைச் செலவு என்று தள்ளியிருப்பார்கள், அது எனக்கும் தெரியும்.

அண்ணை, நான் மொன்றியலிலைதான் இருக்கிறேன். இந்த இடங்களை இப்ப போய்ப் பார்க்கலாமோ?

பார்க்கலாம். நோத்ர்-தாம் தெருவில் உள்ள நகரசபைக் கட்டடம் 1878-இல் கட்டியது. 1922-இல் தீப்பிடித்து உள்ளே எரிந்துபோனாலும் வெளிச்சுவர்கள் அதேதான், கல் விழுந்த முகப்பு அது. ஓட்டல்-தியூவின் பழைய கட்டடங்கள் பைன் அவென்யூவில் நிற்கின்றன. பொருட்காட்சி மைதானத்துக் கண்ணாடி மாளிகை 1896-இல் எரிந்துவிட்டது. ழான்-மான்ஸ் பூங்காவுக்கு வடக்கே, மோன்-ரொயல் அவென்யூவைத் தாண்டினால் அந்த இடம். இப்போது அங்கே குடியிருப்புகள்தான். ஒரே மத்தியானத்தில் மூன்றையும் நடந்து முடித்துவிடலாம், குளிர் தொடங்குவதற்கு முன்னால் போங்கள்.