டெல்ஃபி ஆய்வுக்கு எத்தனை நிபுணர்கள் வேண்டும்? எத்தனை விழுக்காடு ஒத்துப்போனால் ஒருமித்த கருத்து?

கேள்வியைப் பார்த்தால், "ஒரு டெல்ஃபி செய்துவிடு, சுலபம்தான்" என்று உங்கள் மேற்பார்வையாளர் சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று தோன்றுகிறது. நான் சிங்கப்பூரில் பல வருடமாக ஆய்வு ஒருங்கிணைப்பாளர். இந்தச் 'சுலபம்' எனக்கு நன்றாகவே பழக்கம். டெல்ஃபி என்பது, நிபுணர்களுக்கு வாசகங்களைச் சுற்றுச் சுற்றாக அனுப்பி, ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமல் மதிப்பெண் போடச் சொல்லி, ஒருமித்த கருத்தைத் தேடுகிற முறை.

எண்ணிக்கைக்கு விதி கிடையாது. பத்துப் பதினைந்து பேரோடும் செய்கிறார்கள், நூறு பேரோடும் செய்கிறார்கள். விழுக்காடும் அப்படித்தான். 100 டெல்ஃபி ஆய்வுகளை அலசி 2014இல் ஒரு கட்டுரை வந்தது. இத்தனை விழுக்காடு ஒத்துப்போனால் ஒருமித்த கருத்து என்று அவற்றில் வைத்திருந்த எல்லைகளின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 75%. நீங்கள் 70 வைத்தாலும் 80 வைத்தாலும் குற்றமில்லை. ஆனால் முதல் சுற்று மின்னஞ்சல் போவதற்கு முன்பே அது ஆய்வுத் திட்டத்தில் இருக்க வேண்டும். மதிப்பெண்கள் வந்தபிறகு எல்லையை முடிவு செய்வது, கல்யாணம் முடிந்தபின் ஜாதகம் பார்க்கிற கதை.

என்னை இங்கே எழுத வைத்தது எண்ணிக்கை இல்லை, யாரைக் கூப்பிடுகிறோம் என்பது. ஒரு குழுவில் (எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள்) வீட்டில் இருக்கும் நீரிழிவு நோயாளிகளின் பாதப் பராமரிப்புக்குப் பரிந்துரைகள் தயாரித்தோம். நிபுணர் பட்டியலில் இருந்தவர்கள் எல்லாரும் மூத்த மருத்துவர்கள். வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் தாதியர் ஒருவர்கூட இல்லை. கேட்டதற்கு, "அவர்களிடம் அப்புறம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. நான் விடவில்லை. கடைசியில் சமூகத் தாதியர் சிலரைச் சேர்த்தார்கள்.

முதல் சுற்றில் ஒரு வாசகம்: "நோயாளி தினமும் தம் பாதங்களைப் பார்த்து, மாற்றம் இருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும்." 1 முதல் 9 வரை மதிப்பெண். மருத்துவர்கள் 8, 9 என்று போட்டிருந்தார்கள். ஒரு தாதி 2 போட்டு, கருத்துப் பெட்டியில் எழுதியிருந்தார்: "என் நோயாளிக்குக் கண் மங்கல், குனிய முடியாது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தனியாக இருக்கிறார். அவர் உள்ளங்காலை யார் பார்ப்பது?"

விழுக்காட்டுக் கணக்கில் அந்த வாசகம் ஏற்கெனவே தேறிவிட்டது. அப்படியே ஏற்றுக்கொண்டு மேலே போகலாம் என்றார்கள். எல்லாக் கருத்துகளையும் பெயரில்லாமல் எல்லாருக்கும் திருப்பி அனுப்புவோம் என்று திட்டத்திலேயே எழுதியிருக்கிறோமே என்று நான் எடுத்துக் காட்டினேன். அனுப்பினோம். ஒரே வாசகத்தில் இருந்த இரண்டு கேள்விகளையும் (பார்ப்பது, தெரிவிப்பது) பிரித்தோம். தானே பார்க்க முடியாதவருக்கு யார் பார்ப்பார்கள் என்று முதல் சந்திப்பிலேயே குறித்துக்கொள்ள வேண்டும் என ஒன்றைப் புதிதாகச் சேர்த்தோம். அதே மருத்துவர்கள் இரண்டாம் சுற்றில் அதற்கு உயர்ந்த மதிப்பெண் கொடுத்தார்கள். அவர்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை, அந்த வீட்டுக்குள் அவர்கள் போனதில்லை.

பெயர் தெரியக்கூடாது என்பது சும்மா ஒரு சடங்கு இல்லை. 1950களில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் டால்கி, ஹெல்மர் போன்றவர்கள் இந்த முறையை உருவாக்கியதே, நேருக்கு நேர் கூட்டத்தில் பதவியும் குரலும் மற்றவர்களை அமுக்கிவிடும் என்பதால்தான். சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரிகள் மூன்றே மூன்று. நேற்றைய ஆசிரியர் இன்று துறைத் தலைவர். ஒரே அறையில் உட்கார வைத்திருந்தால் அந்தத் தாதி வாய் திறந்திருப்பாரா?

புள்ளியியல் படித்தவர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: விழுக்காடு மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. இடைநிலை, சிதறல் (மதிப்பெண்கள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பது) இரண்டையும் காட்டத்தான் வேண்டும். நிபுணர்கள் ஒத்துப்போவதாலேயே ஒரு விஷயம் நிரூபணமாகிவிடாது என்பதும் தெரியும். சோதனை ஆய்வுகள் போதாத இடத்தில்தான் இதற்கு வேலை.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். வாசகங்களை வரைவது, பதில் போடாதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்புவது, நூற்றுக்கணக்கான கருத்துகளைப் படித்துத் தொகுப்பது எல்லாம் எங்கள் வேலை. கட்டுரை வரும்போது நாங்கள் நன்றியுரையில் ஒரு வரி. சில சமயம் அதுவும் இல்லை. ஒரு சுற்றுக்குக்கூடப் பதில் அனுப்பாத ஒருவர் பெயர் கட்டுரையாசிரியர் பட்டியலில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு, யார் ஆசிரியர் என்பதற்கு நான்கு நிபந்தனைகளைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. அதை எடுத்துப் படியுங்கள்.

சரி, உங்கள் ஆய்வுக்கு வருவோம். வாசகங்களைக் குழுவில் இல்லாத இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து முதலில் நிரப்பச் சொல்லுங்கள். "மற்றும்" வரும் வாசகங்களைப் பிரியுங்கள். எத்தனை சுற்று, எப்போது நிறுத்துவது, இடையில் விலகுபவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதெல்லாம் திட்டத்தில் இருக்கட்டும். ஒருமித்த கருத்து ஆய்வுகளைக் கட்டுரையில் எப்படி விவரிப்பது என்று சொல்லும், 2024இல் வெளியான அக்கார்ட் (ACCORD) வழிகாட்டியைக் கட்டுரை எழுதும்போது தேடாமல் இப்போதே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பட்டியலையும் முதல் சுற்றுக்கு முன்பே மேற்பார்வையாளரிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள்.