ஃப்ரீலான்ஸ் மென்பொருள் உருவாக்குநராக உடலும் வருமானமும் கெடாமல் நீண்ட காலம் நீடிப்பது எப்படி?

கேள்வியை எழுதியவர், நிறுவன வேலையை விட்டுத் தனியாக இயங்க நினைப்பதாகவும், அப்படிப் போன நண்பர்கள் சிலர் ஓரிரு ஆண்டுகளிலேயே களைத்துப்போய் மீண்டும் வேலை தேடுவதைப் பார்த்துத் தயங்குவதாகவும் குறிப்பிட்டிருக்கிறார். உடற்பயிற்சி, நல்ல நாற்காலி, நேரத்தைத் திட்டமிடுதல் என்பவையே இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள், அவை தேவையும்கூட. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து பல ஆண்டுகளாக இத்தொழிலைச் செய்துவருபவன் என்ற முறையில் என் கணிப்பு சற்று வேறுபட்டது. ஒரு ஃப்ரீலான்சரின் தூக்கமும் நிம்மதியும் கெடுவது, பெரும்பாலும், அவர் முதல் வரி நிரலை எழுதுவதற்கு முன்பே, அதாவது வாடிக்கையாளரைத் தேர்ந்து, ரேட் சொல்லி, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

முதலில் ரேட். மாதம் 1 லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவர் அதை 160 மணி நேரத்தால் வகுத்து, மணிக்கு 625 ரூபாய் கிடைத்தால் போதும் என்று முடிவுசெய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நிறுவனம் செலுத்திவந்த வருங்கால வைப்பு நிதிப் பங்கு, குழுக் காப்பீடு, சம்பளத்துடன் கூடிய விடுப்பு, மடிக்கணினி, வேலை இல்லாத வாரங்கள், இன்வாய்ஸ் எழுதவும் புதிய வாடிக்கையாளரிடம் பேசவும் புதிய தொழில்நுட்பம் கற்கவும் செலவாகும் பணம் வராத நேரம் ஆகிய எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. பழைய வாழ்க்கைத் தரத்தைக் காக்க ஆண்டுக்கு 18 லட்சமாவது வேண்டும் என்றும், பில் போடக்கூடிய நேரம் ஆண்டுக்கு 1,200 மணி என்றும் வைத்துக்கொண்டால், ரேட் மணிக்கு 1,500 ரூபாய் ஆகிறது. 625 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டவர் அந்த இடைவெளியை இரவு நேர உழைப்பால்தான் நிரப்பியாக வேண்டும். அவருக்கு யோகா வகுப்பைப் பரிந்துரைத்துப் பயனில்லை.

அடுத்தது வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது. கலிஃபோர்னியா நேரம் நம்முடையதைவிடக் கோடையில் பன்னிரண்டரை மணியும் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணியும் பின்தங்கியது. அங்கே காலை 10 மணிக்குத் தொடங்கும் அன்றாடக் கூட்டம் நமக்கு இரவு பத்தரைக்கோ பதினொன்றரைக்கோ வருகிறது. லண்டனின் காலை 10 மணி நமக்குப் பிற்பகல் இரண்டரை அல்லது மூன்றரை. பெர்லினின் காலை 10 மணி ஒன்றரை அல்லது இரண்டரை. சிங்கப்பூரின் நண்பகலோ நமக்குக் காலை ஒன்பதரைதான். அமெரிக்க மேற்குக் கரை வாடிக்கையாளர் சற்றுக் கூடுதலாகத் தருவார் என்பது உண்மையே. எனினும் ரேட் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் ஐரோப்பாவையோ சிங்கப்பூரையோதான் நான் தேர்வுசெய்வேன். அமெரிக்க வேலையை ஏற்கும்போது, வாரத்துக்கு ஒரே ஒரு நேரடி அழைப்பு, மற்றவை எல்லாம் எழுத்து வழியே என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன். வேலை தொடங்கி மூன்று மாதம் கழித்து இதைக் கேட்டால் முணுமுணுப்பு எழும். முதல் உரையாடலிலேயே கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மவர்கள் பலர் ஒரு வாட்ஸ்அப் செய்தியை நம்பியே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். எது பிழைத்திருத்தம், எது புதிய வசதி என்று பிரித்து எழுதாத ஒப்பந்தம் முடிவில்லாத இலவச வேலைக்குத்தான் வழி செய்யும். ஒப்படைத்த நாளிலிருந்து 30 நாள் வரை பிழைத்திருத்தம் இலவசம், அதன்பின் கட்டணம். ஒப்படைத்த பத்து நாளுக்குள் எழுத்துமூலம் மறுப்பு வராவிட்டால் வேலை ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். தொகையில் மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மீதி இரு வாரத்துக்கு ஒருமுறை இன்வாய்ஸ் என்ற மூன்று விதிகளும் என் ஒப்பந்தங்களில் எப்போதும் இருக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர் சில நூறு டாலரைத் தராமல் விட்டால், அதற்காக அந்நாட்டு நீதிமன்றத்தை நாடுவது நடக்கிற காரியம் அல்ல. எனவே நிலுவை பெரிதாகும் முன்பே நிறுத்திக்கொள்ள உதவும் குறுகிய இன்வாய்ஸ் சுழற்சிதான் அங்கே உண்மையான பாதுகாப்பு.

நிரலின் உரிமையையும் கவனிக்க வேண்டும். 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஊழியராக எழுதிய நிரல் நிறுவனத்துக்கு உரியது. ஊழியர் அல்லாத ஒருவர் எழுதியதோ, வேறு உடன்பாடு இல்லாதவரை, எழுதியவருக்கே முதலில் உரியது, அதை மாற்றித்தர எழுத்துவடிவ ஆவணம் வேண்டும். அமெரிக்க வாடிக்கையாளர்கள் அனுப்பும் மாதிரி ஒப்பந்தங்களில் நிரல் உருவான கணமே உரிமை அவர்களுக்குப் போய்விடும் என்று இருப்பதுண்டு. அதை 'முழுத் தொகையும் வந்துசேர்ந்த நாளில்' என்று மாற்றக் கேளுங்கள். நேர்மையானவர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ள மறுப்பவர்களைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்வதும் ஒரு லாபம்தான்.

உள்நாட்டு வாடிக்கையாளர் என்றால் நிலைமை நாம் நினைப்பதைவிட நமக்குச் சாதகமானது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவுபெற்ற குறு அல்லது சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையை, எழுத்துவடிவ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும் தந்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாந்தரக் கூட்டு வட்டியாகச் சேரும். அத்துடன், 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற விதியைச் சேர்த்தபின், அந்தக் காலக்கெடுவுக்குள் தராத தொகையை வாடிக்கையாளர், உண்மையில் பணம் தந்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடிகிறது. தனிநபராக இயங்கும் மென்பொருள் உருவாக்குநரும் இத்தகைய நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் கட்டணமின்றிப் பதிவுசெய்துகொள்ளலாம். அந்தப் பதிவு எண்ணை இன்வாய்ஸின் தலைப்பிலேயே போட்டுவிட்டால், நாம் எழுதும் நினைவூட்டல் மின்னஞ்சல்களைக் கண்டுகொள்ளாத கணக்குப் பிரிவுகூட மார்ச் மாதத்தில் தானாகவே தொலைபேசியில் அழைக்கும்.

வரியில் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறார்கள். உள்நாட்டு நிறுவனம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தரும். வெளிநாட்டிலிருந்தோ முழுத் தொகையும் கணக்கில் வந்து விழுவதால் அத்தனையும் நம்முடையதே என்று தோன்றும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் தொழில்முறையாளர்களுக்கான 44ஏடிஏ பிரிவின்படி, மொத்த வரவு ஆண்டுக்கு 50 லட்சத்துக்குள் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சத்துக்குள்) இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டலாம். 2026 ஏப்ரல் 1ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் இச்சலுகை வேறு பிரிவு எண்ணில் தொடர்கிறது. இம்முறையில் முன்கூட்டிய வரியை மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்ட வேண்டும். எனவே ஒவ்வொரு வரவிலும் ஒரு பங்கை அன்றே வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுவது நல்லது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஏற்றுமதிச் சேவைக்கு உறுதிப் பத்திரம் தாக்கல் செய்துவிட்டால் வரி கட்டாமலேயே பில் போடலாம். இதற்கு மேல் உள்ளதை ஒரு நல்ல ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள். அவருக்குத் தரும் கட்டணம் வீண்செலவு அல்ல.

ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பது ஒற்றைக் கால் பந்தல்தான். என் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒருவரிடமிருந்து வரத் தொடங்கினால், வேலை எவ்வளவு இனிமையாக இருந்தாலும், அடுத்தவரைத் தேடத் தொடங்கிவிடுவேன். புதிய திட்டங்களைவிட, முன்பே செய்து கொடுத்தவற்றைப் பராமரிக்கும் மாத ஒப்பந்தங்களை நான் அதிகம் மதிக்கிறேன். பாதுகாப்புத் திருத்தங்கள், தரவுத்தளப் பதிப்பு மேம்பாடு, காப்புநகல் சோதனை போன்றவற்றில் பெருமை பேச ஒன்றுமில்லை, ஆனால் வீட்டு வாடகை அதிலிருந்துதான் போகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் நிரல் எழுதும் நேரம் குறைகிறது என்று சொல்லி மணிக்கணக்கு ரேட்டைக் குறைக்கக் கேட்பவர்களுக்கும், மாத ஒப்பந்தமோ முழு வேலைக்கான தொகையோ சொல்வதே பொருத்தமான பதில்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 35 முதல் 40 மணி உழைப்பவர்களோடு ஒப்பிட, 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. ரேட்டும் நேர மண்டலமும் சரியாக அமைந்த ஒருவருக்கு 55 மணியைத் தொட வேண்டிய அவசியமே வராது.

கேள்வி கேட்டவர் இன்னும் சம்பளத்தில்தான் இருக்கிறார் என்பதால், ராஜினாமாக் கடிதத்துக்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. நிறுவனத்தின் குழுக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். தனிப்பட்ட மருத்துவக் காப்பீட்டில் முன்பே இருக்கும் நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம் என்பதால், அதை இப்போதே எடுத்துவிடுங்கள். வீட்டுக் கடனோ கடன் அட்டையோ வேண்டுமென்றால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள், பிறகு வங்கி இரண்டு மூன்று ஆண்டு வரிக் கணக்கைக் கேட்கும். குறைந்தது ஆறு மாதச் செலவுக்கான தொகை சேர்ந்தபின் கடிதம் கொடுங்கள். முதல் வாடிக்கையாளரை இப்போதே பிடித்துவிடலாம் என்று தோன்றினால், பணி ஒப்பந்தத்தை ஒருமுறை வாசியுங்கள். போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாகக் கண்டறியப்பட்ட 300 பேர் நீக்கப்பட்டதாக விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி 2022 செப்டம்பரில் அறிவித்தது நினைவிருக்கலாம். காசு வாங்காமல், நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருள் ஒன்றுக்குப் பெயர் தெரியும்படி பங்களிக்க அனுமதி கிடைக்குமானால், நோட்டீஸ் காலம் முடியும்போது வாடிக்கையாளரிடம் காட்ட ஒன்று கையில் இருக்கும்.